ஊர்க் கறி ஒரகடம் வந்து சேருமா? கிடாவெட்டுக்குப் போறவங்களுக்கு ஒரு ஐஸ் பாக்ஸ் கணக்கு

ஆடி பிறந்தால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கத்து கம்பெனிகளில் லீவு கேட்பவர்கள் கூட்டம் திடீரென்று கூடும். காரணம் கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "குலசாமி கும்பிடு சார்." மாசி சிவராத்திரிக்கும் இதே கதை. மதுரை, தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊர் இருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. போகும்போது தோளில் ஒரு பை. திரும்பும்போது பையோடு சேர்த்து, டேப் சுற்றிய ஒரு தெர்மாகோல் பெட்டி.

என் சித்தி மகன் ஒரகடத்தில் ஒரு உதிரிபாக கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன மாசியில் அவனும் அப்படித்தான் வந்தான். பெட்டிக்குள் 4 கிலோ ஆட்டுக்கறி, மேலே ஒரு கிலோ ஐஸ். ரூமில் ஆறு பேர், ஃப்ரிட்ஜ் கிடையாது. நேராக ஷிஃப்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் வந்து பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். ஐஸ் இல்லை, இளஞ்சூட்டில் சிவப்புத் தண்ணீர்தான் இருந்தது. வாடை பெரிதாக இல்லை என்று நாலு விசில் விட்டுச் சாப்பிட்டார்கள். மறுநாள் மூன்று பேர் வேலைக்குப் போகவில்லை, அதில் ஒருவனுக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்று பேருமே கான்ட்ராக்ட். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை.

"பெட்டி சரியில்லடா, நல்ல கூலரா ஒண்ணு சொல்லு" என்று அவன் கேட்டதில் ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. தேடிப் பார்த்ததில், தப்பு பெட்டியில் பாதிதான். மீதிப் பாதி கணக்கில்.

யூடியூப் கூலர் நமக்கு உதவாதா?

இறைச்சிக்கு எந்த கூலர் நல்லது என்று தேடினால் வந்து விழும் வீடியோக்களில் முக்கால்வாசி அமெரிக்க வேட்டைக்காரர்களுடையவை. மானைச் சுட்டு, காட்டிலேயே உரித்து, துண்டு போட்டு, பிக்-அப் வண்டியின் பின்னால் இருக்கும் பெரிய கூலரில் அடுக்கி, இரண்டு நாள் வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகிறவர்கள். டெக்சாஸில் 2006-ல் தொடங்கிய யெட்டி மாதிரி கம்பெனிகள் வளர்ந்ததே இப்படி மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் போகிறவர்களை நம்பித்தான்.

இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். முயல், கௌதாரி, உடும்பு, மான், காட்டுப்பன்றி என்று எதைப் பிடித்தாலும், அதன் கறியை வைத்திருந்தாலும், வண்டியில் எடுத்து வந்தாலும் வழக்குதான். வண்டியும் பறிமுதல் ஆகும். முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. "ஊர்த் திருவிழா, பாரிவேட்டை, பரம்பரை வழக்கம்" என்று சொன்னாலும் வனத்துறை விடாது. யாராவது "காட்டு முயல் கறி இருக்கு, உன் பாக்ஸ்ல வச்சுக்கோ" என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். காடை வேண்டுமா, பண்ணைக் காடை கடையிலேயே கிடைக்கிறது.

(நம்ம பக்கத்துக்கு இதில் ஒரு பழைய பெருமை உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து, அவற்றைக் காக்கும் உரிமையை ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் வாங்கிவிட்டார்கள்.)

ஆனாலும் வேட்டைக்காரனின் பிரச்சினையும் கிடாவெட்டுக்குப் போய் வருகிறவனின் பிரச்சினையும் ஒன்றேதான். சூப்பர் மார்க்கெட் கறி குளிர்ந்த நிலையில் கைக்கு வருகிறது. இவர்கள் இருவர் கைக்கும் உயிர்ச்சூட்டோடு வருகிறது. வெள்ளாட்டின் உடல் வெப்பம் சுமார் 39 டிகிரி. மரத்தடியில் வெட்டி, உரித்து, பங்கு போட்டு, கையில் கொடுக்கும்போது அந்தச் சூட்டில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். அங்கிருந்து நெடுந்தூரம். அதனால் அந்த வீடியோக்களில் பெட்டியை விட்டுவிட்டு, கறியை எப்படி ஆற்றுகிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

கிருமிக் கணக்கு

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது ஆபத்தான வெப்பநிலை. உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் முதல் பாடமே இதுதான். கேன்டீனில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். இதற்குள் 30-லிருந்து 40 டிகிரி வரை கிருமிகளுக்குத் தலைவாழை இலை போட்ட மாதிரி. வசதியான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 100-ல் ஆரம்பித்தால் 4 மணி நேரத்தில் 4 லட்சத்தைத் தாண்டும். அதனால்தான் சமைக்காத இறைச்சி வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்கிறார்கள். சித்திரை வெயிலில் உசிலம்பட்டிப் பக்கம் 32 டிகிரி என்பது காலை 9 மணி நிலவரம்.

"நல்லா கொதிக்க வச்சா எல்லாம் செத்துரும்." இதைச் சொல்லாத வீடு கிடையாது. பாதி உண்மை. கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரி சில கிருமிகள் பெருகும்போதே ஒரு நச்சை விட்டுவைக்கும். குக்கர் விசிலுக்கெல்லாம் அது அசராது. இந்தக் கிருமி இருப்பது நம் மூக்கிலும் கையிலும்தான். கறியைப் பங்கு போடும் பத்துப் பேரின் கைகளை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, நம்மைப் படுக்க வைக்கும் கிருமிகளில் பல வாடையே தராது. "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்பது பரிசோதனை ஆகாது.

ஒரே அறையில், ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு சீக்கிரம் மொத்தமாகப் படுப்பார்கள் என்பதை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையே மறியலில் நின்றது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. அங்கே பிரச்சினை விடுதியின் சமையலறை, தங்குமிட நிலைமை. நம்ம கறிப் பெட்டி கதை வேறு. ஆனால் ஆறு பேர் ரூமில் ஒரு குழம்பு கெட்டால் படுப்பதும் ஆறு பேர்தான்.

உங்கள் பெட்டி எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும்?

தம்பியிடம் கேட்டேன். "நைட்டு பஸ்தானே, ஒரு ஒம்பது மணி நேரம்" என்றான். எல்லோரும் தப்பு விடுவது இங்கேதான்.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். காலை 11 மணிக்கு வெட்டு. பங்கு கைக்கு வந்து பெட்டிக்குள் போனது மதியம் 1 மணி. இரவு 8 மணிக்கு பஸ். விடியற்காலை கிளாம்பாக்கம். அங்கிருந்து வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் படப்பை வழியாக ஒரகடம். பெட்டியை ரூமில் வைத்துவிட்டு நேராக ஷிஃப்ட். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தது சாயங்காலம் 4 மணி. மொத்தம் 27 மணி நேரம்! இதில் பஸ்ஸில் இருந்தது மூன்றில் ஒரு பங்குதான். மீதி நேரம் ஊர்த் திண்ணையிலும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ரூமிலும்.

இப்போது ஐஸ் கணக்கு. பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் ஐஸுக்கு இரண்டு வேலை. முதலாவது, கறியின் சூட்டை இறக்குவது. 4 கிலோ கறியை 38 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.4 கிலோ ஐஸ் கரைந்துவிடும். தம்பி வைத்தது மொத்தமே 1 கிலோ. அதாவது அவன் கறி குளிரவே இல்லை. பஸ் ஏறும் முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது.

இரண்டாவது வேலை, சுவர் வழியாக உள்ளே கசியும் வெப்பத்தைத் தின்பது. 20 லிட்டர் கொள்ளளவு, ஓர் இஞ்ச் கனமுள்ள தெர்மாகோல் பெட்டி, வெளியே 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால் மணிக்குச் சுமார் கால் கிலோ ஐஸ் கரையும். 27 மணி நேரத்துக்கு ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. முதல் வேலையையும் சேர்த்தால் 8 கிலோ ஐஸ். 4 கிலோ கறிக்கு 8 கிலோ ஐஸ் தூக்கிக்கொண்டு யார் பஸ் ஏறுவது?

அதே அளவில், 4 சென்டிமீட்டர் கனத்துக்கு பியு ஃபோம் நிரப்பிய பெட்டி என்றால் மணிக்கு நூறு கிராம் சொச்சம்தான் கரையும். 27 மணி நேரத்துக்கு 3 கிலோ, சூடு இறக்க 1.4 கிலோ. மொத்தம் நாலரை கிலோ போதும். வெப்பமண்டல நாடுகளில் மீனுக்கு "ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ்" என்று பொதுவாகச் சொல்லும் அளவும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

இது தோராயக் கணக்கு. மூடி சரியாக உட்காரவில்லை, நடுவில் நாலு முறை திறந்து பார்த்தீர்கள், டிக்கிக்குள் 40 டிகிரி என்றால் எல்லாம் கூடும். அதனால் ஒரு கிலோ ஐஸ் கூடுதலாகவே வையுங்கள்.

சரி, எந்தப் பெட்டி வாங்கலாம்?

பியு ஃபோம் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் தட்டினால் உள்ளே கெட்டியாக இருக்கிறதே, அதுதான். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஃப்ரிட்ஜ் தயாராகிறது. ஃப்ரிட்ஜ் செய்யும் ஊரில், ஃப்ரிட்ஜ் இல்லாத ரூம்களில் இருந்துகொண்டு ஐஸ் பெட்டிக்குக் கணக்குப் போடுகிறோம். அது வேறு கதை.

கடையில் பெட்டியைப் பார்க்கும்போது பிராண்டை விடுங்கள், மூடியைப் பாருங்கள். விலை குறைந்த பிளாஸ்டிக் ஐஸ் பெட்டிகள் பலவற்றில் சுவரில் ஃபோம் இருக்கும், மூடி வெறும் கூடாக இருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் மூடி காலி. வெளியே வெயில் அடிப்பதும், திறந்து மூடி ஓட்டை விழுவதும் அங்கேதான். அடுத்து, மூடி ஓரத்தில் ரப்பர் பட்டை இருக்கிறதா? பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் குளிரும் அதே வழியில் போய்விடும். இன்னொரு வழி, செல்போன் டார்ச்சைப் போட்டு உள்ளே வைத்து மூடிவிட்டு, இருட்டில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.

அளவில் ஆசைப்படாதீர்கள். 4 கிலோ கறிக்கு 45 லிட்டர் பெட்டி வாங்கினால் சுவரின் பரப்பு கூடும், கசிவு கூடும், உள்ளே பாதி இடத்தில் காற்றைக் குளிர வைத்துக்கொண்டிருப்பீர்கள். கறி, ஐஸ் இரண்டும் சேர்ந்து முக்கால்வாசிக்கு மேல் நிரம்புகிற அளவே சரி. நம்ம கணக்குக்கு 15-லிருந்து 20 லிட்டர். சொட்டு மருந்து முகாமில் நர்ஸம்மா தோளில் மாட்டி வரும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பெரிசு, உள்ளே கையளவு இடம். சுவர் அவ்வளவு கனம். ஐஸ் பெட்டிக்கு அதுதான் இலக்கணம்.

அமெரிக்க பாணி கனமான, ஒரே வார்ப்பாகச் செய்த கூலர்கள் இங்கும் ஆன்லைனில் கிடைக்கின்றன. விலை ஐந்து இலக்கத்தில் போகும். காலிப் பெட்டியே பல கிலோ எடை. கார் வைத்திருப்பவர்கள், நாலு குடும்பமாகச் சேர்ந்து போகிறவர்கள் யோசிக்கலாம். "5 நாள் ஐஸ் நிற்கும்" என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த மாதிரிச் சோதனைகள் பெரும்பாலும் பெட்டி முழுக்க ஐஸ் நிரப்பி, மூடியைத் திறக்காமல் நடப்பவை. உயிர்ச்சூட்டோடு 4 கிலோ கறியை உள்ளே வைத்து யாரும் விளம்பரம் எடுப்பதில்லை. பஸ்ஸில் போகிற, மாதம் பதினெட்டாயிரம் இருபதாயிரம் வாங்குகிற ஆளுக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து. வருஷத்துக்கு இரண்டு முறை வேலை, மீதி நாள் ரூமில் துணி வைக்கும் பெட்டி.

காசு இல்லையா? தெர்மாகோலே போதும், ஆனால் இரட்டிப்பு பண்ணுங்கள். பெட்டியைச் சுற்றி ஆறு பக்கமும் இன்னொரு இஞ்ச் தெர்மாகோல் ஷீட் வெட்டி ஒட்டி, இடைவெளி இல்லாமல் டேப் சுற்றினால் கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். கிட்டத்தட்ட பியு பெட்டி அளவுக்கு வந்துவிடும். அதற்கும் மேல் ஒரு போர்வையைச் சுற்றுங்கள். "போர்வை சுத்தினா சூடாகிடாதா?" என்று தம்பி கேட்டான். போர்வை தானாகச் சூடு தராது. உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்தும், அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை: மீன் மார்க்கெட்டில் போட்டுவிட்டுப் போன பழைய தெர்மாகோல் பெட்டியை எடுக்காதீர்கள். அதன் பொடிக் குழிகளுக்குள் புகுந்த அழுக்கை எந்த சோப்பும் எடுக்காது. அதே காரணத்துக்காக, கறி நேரடியாகப் பட்ட தெர்மாகோல் பெட்டியை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம்.

வெட்டினதுக்கும் பெட்டிக்கும் நடுவில்

வெட்டியவுடன் ஐஸில் புதைத்தால் கறி ரப்பராகிவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. வெட்டிய பிறகும் சில மணி நேரம் தசை முழுதாக அடங்குவதில்லை. அதற்குள் 10 டிகிரிக்குக் கீழே குளிர்த்தினால் நார்கள் சுருங்கி இறுகிவிடும். குளிர்நாட்டு வேட்டைக்காரர்களுக்கு இது நிஜமான தலைவலி. நம்ம வெயிலில் தசை அடங்குவதும் சீக்கிரம் நடக்கிறது, கிருமி பெருகுவதும் சீக்கிரம் நடக்கிறது. ஆகவே பங்கு பிரிக்கும் அந்த ஒரு மணி நேரம் வரை நிழலில், சுத்தமான வலைத்துணி மூடி, காற்றோட்டமாகப் பரப்பி வையுங்கள். குவித்து வைத்தால் நடுவில் இருக்கும் கறி சூடு ஆறவே ஆறாது. அதற்குப் பிறகு யோசிக்காமல் ஐஸ். கொஞ்சம் இறுகிய கறிக்கு இரண்டு விசில் கூட வைத்துக்கொள்ளலாம்.

குடல், ரத்தம், ஈரல் இவற்றை எடுத்து வரும் ஆசை வேண்டாம். முதலில் கெடுவது அவைதான். அங்கேயே, அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சமைத்த குழம்பையும் தூக்கில் ஊற்றி அதே பெட்டியில் வைக்காதீர்கள். சூடான குழம்பு ஐஸை ஒரே மூச்சில் தின்றுவிடும். பெரிய அண்டாவில் மெதுவாக ஆறுகிற கறிக்குழம்பில், கொதியிலும் சாகாத விதைநிலையில் சில கிருமிகள் காத்திருக்கும். குழம்பு வெதுவெதுப்புக்கு வந்ததும் அவை முளைக்கும்.

பொட்டலம் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். தட்டையாக, இரண்டு விரல் உயரத்துக்குள் இருக்கட்டும். ஜிப் கவர் நல்லது. வீட்டில் இருக்கும் தட்டையான எவர்சில்வர் டப்பா அதைவிட நல்லது. பிளாஸ்டிக்கைவிட வேகமாகக் குளிரைக் கடத்தும், நசுங்காது, கழுவி மறுபடி எடுக்கலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக் தடை. அதில் கட்டிய கறி எப்படியும் பஸ்ஸில் ஒழுகத்தான் போகிறது.

ஐஸ் எங்கே வாங்குவது என்பதைவிட எங்கே செய்வது என்று யோசியுங்கள். ஊருக்கு இரண்டு நாள் முன்பே போன் போட்டு, அத்தை வீட்டு ஃப்ரீசரில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நாலைந்தை வைக்கச் சொல்லலாம். முழுக்க நிரப்பக் கூடாது. ஐஸ் ஆகும்போது ஒன்பது சதவீதம் வீங்கும், பாட்டில் பிளந்துவிடும். வீட்டு ஃப்ரீசர் ஒரே ராத்திரியில் அஞ்சு கிலோ ஐஸ் கட்டித் தராது, அதனால்தான் இரண்டு நாள். பாட்டில் ஐஸில் இரண்டு லாபம்: உருகின தண்ணீர் கறியில் படாது, கரையவும் நேரம் எடுக்கும். சூட்டைச் சீக்கிரம் இறக்க மட்டும் கொஞ்சம் உடைத்த ஐஸ் வேண்டும். ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் வாங்கினால், அது குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கவருக்குள் போட்டு வையுங்கள், கறியில் நேரடியாகப் படக் கூடாது.

அடியில் பாட்டில், மேலே கறி, இடைவெளியில் உடைத்த ஐஸ், கடைசியில் மேலே மறுபடியும் பாட்டில். குளிர்ந்த காற்று கீழ்நோக்கித்தான் இறங்கும். மேலே ஐஸ் இல்லாத பெட்டி, ஓட்டுக்கூரை வீட்டில் தரையில் மட்டும் ஏசி போட்ட மாதிரி. பெட்டி வெயிலில் கிடந்திருந்தால், கறி வைப்பதற்கு அரை மணி முன்பே ஒரு பாட்டில் ஐஸை உள்ளே போட்டு மூடி ஆற வையுங்கள்.

ஐஸில் உப்பு போட்டால் ரொம்ப நேரம் நிற்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மாறு. உப்பு போட்டால் ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிரும், ஆனால் வேகமாகக் கரைந்து தீரும். குல்ஃபி வண்டிக்கு அது சரி. உலர் ஐஸ் வேண்டவே வேண்டாம். அது மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் கரியமில வாயு. மூடிய பெட்டியில் வெடிக்கும், மூடிய ஏசி பஸ்ஸில் மூச்சை அடைக்கும்.

பஸ்ஸில், பிறகு ரூமில்

பின்பக்கம் எஞ்சின் உள்ள சொகுசு பஸ் என்றால் கடைசி டிக்கி அடுப்பு மாதிரி இருக்கும். பெட்டியை முன் டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். காலடியில் வைத்துக்கொள்ள விட்டால் இன்னும் நல்லது. ஒழுகாத பெட்டி என்றால் கண்டக்டருக்கும் ஆட்சேபம் குறைவு. சாப்பாட்டுக்கு பஸ் நிற்கும் இடத்தில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். கீழே தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால், தண்ணீரை மட்டும் வடித்துவிடலாம். கறி தண்ணீரில் ஊறினால் ருசியும் போகும், ஒரு பொட்டலம் ஒழுகினால் அது எல்லாப் பொட்டலத்துக்கும் போகும்.

ஒரகடம் வந்ததும் என்ன செய்வது? ரூமில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு இந்த இடம்தான் முக்கியம். பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போவதாக இருந்தால் காலையில் ஒருமுறை திறந்து, இருக்கும் ஐஸைப் பாருங்கள். பாதிக்குக் கீழே என்றால் புது ஐஸ் போட வேண்டும். ரூம்மேட் யாருக்காவது செகண்ட் ஷிஃப்டா? அப்படியென்றால் காலையிலேயே அவர் சமைத்துவிடுவதுதான் உலகத்தின் மிகச் சிறந்த கூலர். கீழ் வீட்டு அக்காவிடம் ஃப்ரீசரில் ஓர் ஓரம் கேட்கலாம், அரை கிலோ கறியோடு கேட்டால் மறுக்க மாட்டார்.

சாயங்காலம் திறக்கும்போது ஐஸ் மிச்சம் இருக்கிறதா, கறி தொட்டால் சில்லென்று இருக்கிறதா? சமைக்கலாம். ஐஸ் போய், தண்ணீர் இன்னும் கை கூசும் அளவுக்குக் குளிர்ச்சியாக இருந்தால், உணவுத் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துப் பாருங்கள், ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான். 5 டிகிரிக்குள் என்றால் உடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் மோந்து பார்க்கவே வேண்டாம். கொட்டிவிடுங்கள். சாமிக்கு வெட்டின கறியைக் கொட்டுவதா என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். 4 கிலோ ஆட்டுக்கறி இன்றைய விலையில் என்ன என்பதும் தெரியும்.

இத்தனை கணக்கையும் சுலபமாக்கும் ஒரு வழி இருக்கிறது, ஒரு நாள் கூடுதல் லீவு கிடைத்தால். வெட்டிய அன்று கிளம்பாமல், கறியைத் தட்டைப் பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறுநாள் இரவு கிளம்புங்கள். உறைந்த கறியே ஒரு ஐஸ் கட்டி. கறியில் முக்கால்வாசி தண்ணீர்தானே? 4 கிலோ உறைந்த கறி ஏறக்குறைய 3 கிலோ ஐஸின் வேலையைச் செய்யும், சூடு இறக்கும் வேலையும் மிச்சம். இரண்டு கிலோ பாட்டில் ஐஸ் சேர்த்தால் சாதாரண தெர்மாகோல் பெட்டியே பஸ் பயணத்தைத் தாண்டி மறுநாள் காலை வரை தைரியமாக நிற்கும்.

லீவு கிடைக்காதவர்களுக்கு? கூலரே இல்லாத காலத்தில் நம்ம ஆட்கள் கண்டுபிடித்த விடை ஒன்று இருக்கிறது. உப்புக்கண்டம். மஞ்சளும் உப்பும் தடவி, நூலில் கோத்து, நல்ல வெயிலில் நாள் கணக்கில் காயவிட்டு எடுத்தால் ஐஸும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். தண்ணீர் இல்லாத, உப்பு ஏறிய கறியில் கிருமிக்கு வேலை இல்லை. எண்ணெயில் பொரித்து ரசம் சோற்றுக்குக் கடித்துக்கொண்டால், அதற்கு ஈடு என்னிடம் கேட்காதீர்கள்.

கிடாவெட்டைப் பற்றி ஒரு சந்தேகம் சிலருக்கு வரும்: இது சட்டப்படி சரியா? தமிழ்நாட்டில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 2003-ல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு உத்தரவிட்டதும் தென் மாவட்டங்களில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2004-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. காட்டு விலங்கு என்றால் மட்டும், மேலே சொன்ன 1972-ம் ஆண்டுச் சட்டம்.

தம்பி இந்த ஆடிக்குப் புதுப் பெட்டி வாங்கவில்லை. பழைய அளவிலேயே ஒரு தெர்மாகோல் பெட்டி, சுற்றிலும் இன்னொரு அடுக்கு, அதற்கு மேல் ஹாஸ்டலில் கொடுத்த போர்வை. அஞ்சு பாட்டில் ஐஸுக்கு அவங்க அத்தையிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். சித்தியோ அவனை நம்பவில்லை. "நீ பெட்டிய தூக்கிட்டுப் போ, நான் உப்புக்கண்டம் போட்டு அனுப்புறேன்" என்று மஞ்சள் அரைக்கச் சொல்லிவிட்டாராம்.